டாக்டர் பாசு கொண்டுவந்த ஊசி

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இருந்து, டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து, சோலைக்குள் செங்குத்தாக இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவியை அடைகிறது. கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் இருந்து ஏறி வரும் பாதையும் அங்கேதான் வந்து சேர்கிறது. வாகனம் செல்லும் சாலை இல்லாமலேயே பல தலைமுறைகளைக் கடந்த ஊர் அது. ஊர் முழுவதும் கோயில்கள் என்பதால் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது மரபு. காபியும் பழங்களும் குதிரை முதுகிலோ, மனிதர் தலையிலோதான் சந்தைக்குப் போகின்றன. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்துதான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்தப் பாதையில் இறங்கினேன். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் தன் இருப்பைச் சொல்லும். வெள்ளகவியில் நான் பேசிய முதியவர்கள் அனைவருக்கும் முழங்காலிலோ, இடுப்பிலோ, கழுத்திலோ வலி இருந்தது. அதை அவர்கள் நோயாகவே கருதவில்லை. நோய் என்றால் டோலி கட்ட வேண்டும். வெறும் வலிக்கு யார் நான்கு பேரை அழைப்பது? அதே மலையின் உச்சியில், விடுதிகளில், களைத்து வந்த நகரத்தாருக்கு நலவாழ்வு மணிக்கணக்கில் விற்கப்படுகிறது. சில கல் தொலைவில், சுமை தூக்கித் தேய்ந்த முழங்காலுக்குத் தைலம் மட்டுமே துணை.

சாலை இல்லாத மலையூரில் வலியை எப்படித் தணிப்பது என்ற கேள்வி, ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு முன்பு வட சீனத்தின் மலைகளில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஒருவரை எனக்கு நினைவூட்டியது. அவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜோய் குமார் பாசு. இந்திய அக்குபங்சரின் முன்னோடி என்று அத்துறையினர் போற்றும் அவருடைய வாழ்க்கையில், இன்றைய தமிழ்நாட்டுக்கு ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன.

சீனாவை ஜப்பான் முழு அளவில் தாக்கத் தொடங்கியது 1937 ஜூலையில். அவ்வாண்டின் இறுதியில் சீனத் தளபதி சூ டே, இந்தியாவின் உதவியை நாடி ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி கோரினார். தானே அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு, அண்டை நாட்டுக்கு ஐந்து மருத்துவர்களையும் மருந்துகளையும் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியையும் அனுப்பியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பணியாற்றித் திரும்பியிருந்த மதன் மோகன்லால் அடல் குழுவின் தலைவர். நாகபுரியின் மூத்த மருத்துவர் சோல்கர், சோலாப்பூரின் துவாரகநாத் கோட்னிஸ், கல்கத்தாவின் தேபேஷ் முகர்ஜி, பாசு ஆகியோர் மற்ற நால்வர். 1938 செப்டம்பர் 1 அன்று பம்பாயில் அவர்கள் கப்பல் ஏறினார்கள். அப்போது பாசு இருபதுகளில் இருந்த இளைஞர்.

சீனாவில் ஐவருக்கும் சீனப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒவ்வொரு பெயரும் சீனத்தைக் குறிக்கும் ஹுவா என்ற சொல்லில் முடிந்தது. பாசு, பா சு-ஹுவா ஆனார். பின்வாங்கும் படைகளோடும் அகதிகளோடும் வூகான், சோங்சிங் எனப் பயணித்து, 1939 பிப்ரவரியில் குழு யேனானை அடைந்தது. மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து அமைத்த குகைகளே அங்கு வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள். மருந்தும் கருவியும் வந்துசேரும் வழிகளைப் பகைவரும் உள்நாட்டு எதிரணியினரும் அடைத்திருந்தார்கள். வந்த சிறிதளவும் கோவேறு கழுதைகளின் முதுகில் வந்தது. காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் வைத்துக் குன்றுகளுக்கு இடையே சுமந்து வந்தார்கள். வெள்ளகவிக்காரர் ஒருவர் அங்கு போயிருந்தால், வழி கேட்காமலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பார்.

குழுவில் முதிய சோல்கரும் நோயுற்ற முகர்ஜியும் 1939-இலேயே நாடு திரும்பினர். அடல் 1940-இல் திரும்பினார். எஞ்சியவர்கள் கோட்னிஸும் பாசுவும். கோட்னிஸ் போர்முனைக்கு அருகில் இருந்த மலைப்பகுதிக்குச் சென்றார். கனடிய அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் 1939 நவம்பரில் நச்சுக் காய்ச்சலால் இறந்த பிறகு அவர் பெயரில் அமைந்த மருத்துவமனைக்கு, 1941-இல் கோட்னிஸ் இயக்குநர் ஆனார். செவிலியர் ஆசிரியையான குவோ சிங்லானை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். ஓயாத உழைப்புக்கு இடையே வலிப்பு நோய் அவரைப் பற்றியது. 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில் மறைந்தார். பாசு யேனானில் பணியைத் தொடர்ந்தார்.

கோட்னிஸின் கதையை நாடு அறியும். குவாஜா அகமது அப்பாஸ் அதை நூலாக எழுதினார், வி. சாந்தாராம் 1946-இல் திரைப்படமாக எடுத்தார். அப்பாஸின் நூலுக்குத் திரும்பி வராத ஒருவரைக் குறிக்கும் தலைப்பே அமைந்தது. திரும்பி வந்தவர்களின் வாழ்வில் அத்தகைய காவியம் இல்லை. பாசு 1943-இல் இந்தியா திரும்பியபோது அவரை எதிர்கொண்டது வங்கத்தின் பெரும் பஞ்சம். களஞ்சியத்தில் நெல் இருந்தும் வாங்கும் சக்தி இல்லாமல் மக்கள் மடிந்ததைப் பொருளியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறோம். மருத்துவத்துக்கும் அதே விதி பொருந்தும். மருந்து இருப்பது வேறு. அது தேவைப்படுபவரின் வாசல்வரை வருவது வேறு.

பாசு யேனானில் இருந்த ஆண்டுகளில் அக்குபங்சர் அங்கே நவீன மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கவில்லை என்பது வியப்பான செய்தி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை கொண்ட அந்த முறை, சீன ஆட்சியாளர்களாலேயே ஒதுக்கப்பட்ட வரலாறும் உண்டு. 1822-இல் அரண்மனை மருத்துவக் கழகத்தின் பாடத்திட்டத்தில் இருந்து அதை நீக்கினார்கள். 1929-இல் பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கும் முன்மொழிவு எழுந்து, மருத்துவர்களின் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. மேற்கத்திய மருந்துகள் கிட்டாத யேனானில்தான் நவீன மருத்துவர்கள் சிலர் பழைய ஊசி மருத்துவரிடம் பாடம் கேட்க முன்வந்தார்கள். 1945 ஏப்ரலில் யேனானின் பன்னாட்டு அமைதி மருத்துவமனையில் அக்குபங்சருக்கெனப் புறநோயாளிப் பிரிவு திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாசு அங்கிருந்து புறப்பட்டிருந்தார்.

தவறவிட்டதைத் தேடி அவர் மீண்டும் சென்றது 1950-களின் பிற்பகுதியில். அதற்குள் சீனத்தில் நிலைமை மாறியிருந்தது. பெருகிய மக்கள்தொகைக்கு நவீன மருத்துவர்கள் போதவில்லை. 1955-இல் பீகிங்கில் சீன மருத்துவத்துக்கு ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. நவீன மருத்துவம் படித்தவர்கள் மரபு மருத்துவத்தையும் கற்கும்படி அரசு ஊக்குவித்தது. அந்தச் சூழலில்தான் பாசுவும் மெல்லிய உலோக ஊசியைப் பிடிக்கக் கற்றார். உடலில் பன்னிரண்டு முதன்மை ஆற்றல் தடங்கள், நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு, அவற்றின்மேல் முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் என்பது அம்முறையின் வரைபடம். எந்தப் புள்ளியில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கோணத்தில் ஊசியைச் செலுத்துவது, எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதே கலை. ஊசியோடு சூட்டையும் சேர்ப்பதுண்டு. ஆர்ட்டிமிசியா இனச் செடியின் உலர்ந்த இலையைப் பஞ்சுபோல் ஆக்கிப் புள்ளிக்கு அருகில் கனலவிடுவார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் நமக்குப் புதியவை அல்ல.

1959-இல் பாசு கல்கத்தாவில் அக்குபங்சர் சிகிச்சையைத் தொடங்கினார். இந்த ஆண்டின் முக்கியத்துவத்தை ஓர் ஒப்பீடு விளக்கும். அமெரிக்காவில் அக்குபங்சர் பரவலாகப் பேசப்பட்டது 1971 ஜூலைக்குப் பிறகுதான். பீகிங் சென்றிருந்த நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அங்கே குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். அதன் பின்னர் எழுந்த வயிற்று உபாதைக்கு ஊசி குத்தப்பட்டதைத் தம் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அதிபர் நிக்சனின் சீனப் பயணம் ஆர்வத்தைப் பெருக்கியது. மேலை உலகம் விழித்துக்கொள்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தா நோயாளிகள் பாசுவின் ஊசியை அறிந்திருந்தார்கள்.

அதனால் அவருக்குப் புகழ் வந்துவிடவில்லை. 1962-இல் எல்லைப் போர் மூண்டது. சீனம் என்ற சொல்லே ஐயத்துக்கு உரியதாயிற்று. கல்கத்தாவிலும் வடகிழக்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் பலர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அத்தகைய காலத்தில் சீன மருத்துவம் செய்யும் ஒரு வங்காளி எப்படிப் பார்க்கப்பட்டிருப்பார் என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. ஆயினும் அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. நாடுகள் பகைத்துக்கொள்ளலாம், நோயாளியின் வலிக்குக் குடியுரிமை கிடையாது.

கோட்னிஸ் நினைவுக் குழு 1970-களில் புத்துயிர் பெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் பாசு. நண்பரின் பெயரைச் சிலையாக நிறுத்துவதோடு அவர் நிறைவடையவில்லை. மருத்துவர்களுக்குப் பயிற்சியும் எளியவர்களுக்குச் சிகிச்சையும் அளிப்பதையே நினைவஞ்சலியாகக் கொண்டார். லூதியானாவில் கோட்னிஸ் பெயரால் அக்குபங்சர் மருத்துவமனை எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். யேனான் ஆண்டுகளைப் பற்றிய பாசுவின் நாட்குறிப்பு நூலாக வெளியான 1986-இலேயே அவர் வாழ்வும் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996-இல், அக்குபங்சரை முறைப்படுத்த மேற்கு வங்கச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அம்மாநில அரசின் அக்குபங்சர் ஆய்வு, பயிற்சி நிறுவனம் பாசுவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மகாராஷ்டிரம் 2015-இல் சட்டம் கண்டது. மத்திய அரசு 2019-இல் அக்குபங்சரைத் தனித்ததொரு சிகிச்சை முறையாக ஏற்றது.

அந்த ஊசி உண்மையிலேயே வலியைத் தணிக்கிறதா? ஆற்றல் தடங்களை உடற்கூறு அறிவியலால் இன்றுவரை காண இயலவில்லை. ஆனால், குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுவதும், உடல் தானே சுரக்கும் எண்டார்பின் முதலிய வலி தணிப்பான்கள் வெளிப்படுவதும் 1970-கள் முதல் ஆராயப்பட்டு வருகின்றன. அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தினால் அக்குபங்சரின் வலி தணிப்பும் குறைவதை 1977-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி கொண்ட 1,162 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. முறையான புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க பலன் பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 27.4 சதவீதமே. ஆனால், தவறான இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதத்தினர் பலன் பெற்றார்கள். ஆகவே புள்ளியின் துல்லியத்தைவிட, குத்தும் செயலும், கவனிப்பும், நோயாளியின் எதிர்பார்ப்பும் பெரும்பங்கு வகிக்கக்கூடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2021-இல் கூறியது. மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்று அடுத்த ஆண்டு கூறியது. வலியில் ஓரளவு உதவும், எல்லா வலிக்கும் அல்ல, நோய்களை வேரறுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே நேர்மையான மதிப்பீடு.

இங்குதான் பாசுவின் வாழ்க்கை எச்சரிக்கையாகிறது. அவர் நவீன மருத்துவர். அறுவைக் கத்தியையும் ஸ்டெதாஸ்கோப்பையும் அறிந்த கையோடு ஊசியைச் சேர்த்துக்கொண்டார். ஒன்றை எறிந்துவிட்டு மற்றொன்றை எடுக்கவில்லை. வலி எதன் அறிகுறி என்று தெரிந்தவர் கையில் ஊசி இருந்தது. நெஞ்சுவலிக்காரரை எங்கே அனுப்ப வேண்டும், காய்ச்சலோடு வரும் முதுகுவலி எதைக் குறிக்கலாம் என்பது அத்தகையவருக்குத் தெரியும்.

இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அக்குபங்சர் பலகை தொங்குகிறது. முறையாகக் கற்று, தம் எல்லை அறிந்து பணியாற்றுவோர் அவர்களில் உண்டு. அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால், சில மாதப் பயிற்சியோடு நாடி பார்த்து, ஒரு விரல் தொடுதலில் எந்த நோயும் தீரும் என்பவர்களும் பெருகிவிட்டனர். இன்சுலினை நிறுத்து, குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம், பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள் என்ற அறிவுரைகள் உயிர்களைப் பறித்த செய்திகளை அவ்வப்போது படிக்கிறோம். மருத்துவமனை எட்டாத யேனானில், இருப்பதைக் கொண்டு உயிரைக் காக்கும் வழியாக மீண்டெழுந்த கலை அது. அரை மணியில் அரசு மருத்துவமனையை அடையக்கூடிய நகரங்களில், அதே கலை மருத்துவமனைக்குப் போகாதே என்று சொல்லும் கருவியாவது வேதனை. யேனானின் குகையில் ஒரு புட்டி மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

மரபு மருத்துவமும் நமக்கு அந்நியம் அன்று. பழனி மலை போகர் சித்தரின் இருப்பிடம் என்பது நம் நம்பிக்கை. அவருக்கும் சீனத்துக்கும் தொடர்பு உண்டு என்று மரபு சொல்கிறது. அது வரலாறா, புராணமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நல்ல மருத்துவம் எந்தத் திசையில் இருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்ற மனம் இம்மலை மக்களுக்குப் பழகியதே என்பதை அக்கதை உணர்த்துகிறது. நம் வர்ம முறையும் உடலின் புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஏற்கும் மனத்தோடு சோதிக்கும் அறிவும் சேர வேண்டும் என்பதே கேள்வி.

பொருளியல் கண்கொண்டு பார்த்தாலும் பாசுவின் வழியே சரியானது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் விலை அற்பம். ஒரு சட்டைப் பைக்குள் ஒரு கிராமத்துக்கு வேண்டிய ஊசிகளைக் கொண்டுபோகலாம். மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், சாலைகூட வேண்டாம். ஆனால், ஊசி பிடிக்கும் கையைப் பயிற்றுவிப்பதே உண்மையான செலவு. தூய்மையற்ற ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். அளவறியாமல் நெஞ்சில் குத்தினால் நுரையீரல் உறை கிழியும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க முயன்றால் இழப்பு நோயாளியின் தலையில் விடியும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடிச் செல்கின்றன. அந்தத் திட்டத்தின் கை வெள்ளகவி போன்ற ஊர்களுக்கும் தவறாமல் நீள வேண்டும். நாள்பட்ட வலியை எதிர்கொள்ள, செல்லும் பணியாளர்களுக்கு உடற்பயிற்சி, ஒத்தடம் ஆகியவற்றோடு, சான்று உள்ள அளவுக்கு அக்குபங்சரையும் கற்பிக்கலாம். மருத்துவரின் மேற்பார்வையும் மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் அதற்குக் கட்டாயம். கூடவே, யார் ஊசி பிடிக்கலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வரையறுக்கும் சட்டமும் பதிவேடும் தேவை. மேற்கு வங்கம் இதை 1996-இலேயே தொடங்கிவிட்டது.

கோட்னிஸ் வட சீன மண்ணில் உறங்குகிறார். பாசு அங்கிருந்து பதக்கத்தையோ படையையோ கொண்டுவரவில்லை. தலைமுடிபோல் மெல்லிய ஊசியைக் கொண்டுவந்தார். அதை மருத்துவத்தின் இடத்தில் வைக்காமல் மருத்துவத்தின் அருகில் வைத்தார். வெள்ளகவியின் பாதையில் சுமையோடு ஏறி இறங்கும் முழங்கால்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சாலை வரும்போது வரட்டும். அதுவரை, அந்தப் பாதையில் நடந்து இறங்கக்கூடிய, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவப் பணியாளரையாவது மாதம் தவறாமல் அனுப்புவோம்.